கொடி மேலே ஏறட்டும், வேரைப் பார்த்துக்கொள்ளுங்கள்

(வானொலி உழவர் உரை. பேசியவர்: வேளாண்மை அலுவலர், திருவள்ளூர் மாவட்டம்)



கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, மாதர்பாக்கம் பக்கம் கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னைத் தேடி வரும். "சார், நீங்க நெல்லு, வேர்க்கடலைன்னு சொல்றீங்க. எங்களுக்கு இருக்கிறது வீட்டுக்குப் பின்னாலே ஒண்ணரை சென்ட். அதுல இன்னா சார் பண்றது?" என்பார்கள். கேட்பவர் கேலிக்காகக் கேட்பதில்லை. அப்பா காலத்தில் இரண்டு ஏக்கர் இருந்திருக்கும். ஒரு பகுதி ஆலைக்குப் போயிற்று. ஒரு பகுதி வீட்டு மனையாயிற்று. மிச்சத்தைப் பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். இன்று பையன் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறான். உழுத குடும்பம் பாகற்காயைக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறது.

அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். நிலம் சுருங்கிவிட்டது உண்மை. ஆனால் அந்த ஒன்றரை சென்ட்டுக்கு மேலே இருக்கிற வெளி சுருங்கவில்லை. அதைப் பயன்படுத்துங்கள். படுக்க வைத்த தோட்டத்தை நிமிர்த்தி வையுங்கள்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். வீட்டின் பின்புறம் 20 அடி நீளத்துக்கு, இரண்டடி அகலத்தில் ஒரு பாத்தி எடுக்கிறீர்கள். அது 40 சதுர அடி நிலம். அதன்மேல் ஆறடி உயரத்துக்கு வலை கட்டிக் கொடியை ஏற்றினால், கொடி படர 120 சதுர அடி கிடைக்கிறது. ஒரு பங்கு நிலத்துக்கு மூன்று பங்கு பரப்பு. பாகலையும் புடலையும் தரையில் படரவிட்டால் ஒரு செடியே பாதி முற்றத்தை அடைத்துக்கொள்ளும். காயும் மண்ணில் கிடந்து அழுகும். மேலே ஏற்றினால் காற்று வரும், வெயில் படும், காய் நேராகத் தொங்கும், பறிப்பதும் சுலபம்.

இது ஏதோ சீமையிலிருந்து வந்த வித்தை என்று நினைக்க வேண்டாம். அகத்தியை நட்டு வெற்றிலைக் கொடியை அதன்மேல் ஏற்றுகிற கொடிக்கால் நம்முடையது. மலைத் தோட்டங்களில் மரத்தில் மிளகைப் படர விடுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை முழுவதும் பந்தலில்தான் தொங்குகிறது. அவ்வளவு தூரம் ஏன், நம் பாட்டிமார் கூரை வீட்டின்மேல் சுரைக்கொடியும் பூசணிக்கொடியும் ஏற்றிவிட்டார்களே, அதுவும் இதேதான். கூரை போய்த் தளம் வந்தபோது கொடியும் கூடவே போய்விட்டது. அதைத் திருப்பிக் கொண்டு வருவோம் என்கிறேன்.

2013-14ஆம் ஆண்டில் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கான தளைகளை மானியத்தில் கொடுக்கத் தொடங்கியது. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுத் தலைநகரான நைரோபியில் கிபேரா என்று மிக நெருக்கமான குடிசைப் பகுதி ஒன்று உண்டு. கால் வைக்க இடமில்லாத அந்தச் சந்துகளில், வாசலில் ஒரு கோணிப்பையை நிறுத்தி, பக்கவாட்டில் துளை போட்டுக் கீரை வளர்க்கிறார்கள். அவர்களால் முடிகிறபோது, ஒன்றரை சென்ட் வைத்திருக்கிற நம்மால் முடியாதா?

என்னுடைய ஒரு தவறு

செய்முறைக்குப் போவதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அது என்னுடைய தவறு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டிருந்தோம். கூட்டம் முடிந்ததும் ஒரு அம்மா, "சார், வந்து நம்ம வீட்டுத் தோட்டத்தைப் பாருங்க" என்று கூட்டிப் போனார். நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று. சுற்றிலும் வரிசை வரிசையாகத் துளை போட்டு, துளைக்கு ஒரு செடியாகச் சிறுகீரையும் பசலையும் தளதளவென்று வளர்த்திருந்தார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கூட வந்த இருபது பேரிடமும், "பாருங்க, இப்படித்தான் செய்யணும்" என்று சொல்லிவிட்டேன்.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போதுதான், "டிரம் எங்கே கிடைச்சுது?" என்று கேட்டேன். "காயலான் கடையில சார், பையன் வாங்கியாந்தான்" என்றார். எழுந்து போய் டிரம்மின் பின்பக்கம் பார்த்தேன். பாதி கிழிந்த ஒரு சீட்டு. சிவப்புக் கட்டத்துக்குள் மண்டையோடு.

அந்த அம்மா கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. "நாலு தடவை சோப்பு போட்டுக் கழுவினேன் சார். விஷமா இருந்தா கீரை செத்திருக்காதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் மனிதனுக்கு ஆகாதது எல்லாம் செடியைக் கொன்றுவிடும் என்பதில்லை. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் கீரையின் இலையில் ஏறியிருந்தாலும் இலை பச்சையாகத்தான் இருக்கும், ருசியும் மாறாது. இரசாயனத் திரவம் சில சமயம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிடும். அதை மேலே தேய்த்துக் கழுவி எடுக்க முடியாது. வெயிலில் சூடேறச் சூடேறக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் இறங்கும்.

அன்றைக்கே கீரையைப் பிடுங்கிப் போட்டோம். பிறகு, நான் யார் யாரிடம் "இப்படிச் செய்யுங்க" என்று சொன்னேனோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், "அப்படிச் செய்யாதீங்க" என்று சொல்லி வந்தேன். இரண்டு வீட்டில் அதற்குள் டிரம் வாங்கிவிட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் அதில் குடிதண்ணீரே பிடித்து வைத்திருந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆனதாகத் தெரியவில்லை. அது என் சாமர்த்தியம் அல்ல.

ஆகவே, தொழிற்சாலைகள் சூழ்ந்த நம் பகுதியில் நிமிர்ந்த தோட்டம் போடுகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கொடி மேலே எவ்வளவு உயரம் போனாலும் சாப்பாட்டை வேர்தான் எடுக்கிறது. வேர் இருக்கிற பாத்திரமும் மண்ணும் தண்ணீரும் சுத்தமாக இருந்தால்தான் மேலே காய்ப்பது உணவு.

எதில் வளர்க்கலாம், எதில் கூடாது

முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டிரம், டப்பா, சாக்கு எதுவும் வேண்டாம். பெயின்ட், தின்னர், அமிலம், பூச்சிமருந்து இருந்தவை அறவே கூடாது. மண்டையோடு, தீ, கை அரிப்பது போன்ற படம் இருந்தால் தொடவே வேண்டாம். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கிறதே, நல்ல பிளாஸ்டிக்தானே என்று சிலர் கேட்பார்கள். அந்த எண் பிளாஸ்டிக் எந்த வகை என்று மட்டும் சொல்லும். உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாது. வேண்டாத டிரம்மைத் தூக்கிப் போடும்போது அதில் இரண்டு மூன்று பெரிய ஓட்டை போட்டுவிடுங்கள். இன்னொரு வீட்டில் தண்ணீர்த் தொட்டி ஆகாமல் இருக்கும்.

சமையல் எண்ணெய் வந்த டின், அரிசிச் சாக்கு, தோட்டக்கலைப் பை, மண் தொட்டி, உடைந்த சிமென்ட் தொட்டி இவையெல்லாம் சரி. நிலத்திலேயே குழி எடுக்க இடம் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

மண்ணுக்கு வருவோம். மேடு தூர்க்க வந்த உருக்காலைக் கசடு, கொதிகலன் சாம்பல் இவற்றைத் தோட்ட மண்ணில் கலக்காதீர்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு, ஒரு பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு போதும். நார்க் கழிவை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். அதில் உப்பும் துவர்ப்பும் உண்டு.

தண்ணீர் பெரிய விஷயம். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறிவிட்டது நீங்கள் அறிந்ததே. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டிச் செடிதான் முதலில் வாடும். இலை ஓரம் கருகும். மண்ணின் மேலே வெள்ளை பூத்து நிற்கும். அப்படி இருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் கீரைக்கு வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரும் வேண்டாம். உப்பு எல்லாம் அதில்தான் சேர்கிறது. ஆலைப் பக்கத்து ஓடைத் தண்ணீர் எக்காரணம் கொண்டும் கூடாது.

டி.கே.எம். நெல் ரகங்கள் பிறந்த திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் யோசனை கேளுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும். வழக்கமான மண், தண்ணீர்ப் பரிசோதனை உப்பையும் களர் உவர் நிலையையும் சத்தையும் சொல்லும். இரசாயன விஷத்தைச் சொல்லாது. "பரிசோதனையில் நல்லா இருக்குன்னு வந்துச்சு" என்று சந்தேகமான டிரம்மை வைத்துக்கொள்ளக் கூடாது.

வலை வேலி போடும் முறை

சவுக்குக் கழிக்கு நம் கடலோரத்தில் பஞ்சம் இல்லை. எட்டடிக் கழியாகப் பார்த்து, அடிப்பாகம் இரண்டடியைக் கரி ஏறச் சுட்டு, ஆறடிக்கு ஒன்றாக ஆழ நடுங்கள். மேலேயும் நடுவிலும் கட்டுக்கம்பி இழுத்து, அதில் நைலான் வலை அல்லது தேங்காய் நார்க் கயிறு கட்டுங்கள். வலைக் கண்ணில் கை நுழைய வேண்டும். இல்லாவிட்டால் காய் அதில் சிக்கிக்கொண்டு வளரும்.

எந்தப் பக்கம் கட்டுவது? மனையின் வடக்கு ஓரத்தில் கட்டுங்கள். ஐப்பசி முதல் மாசி வரை வெயில் தெற்கே சாய்ந்து வரும். தெற்கில் உயரமாகக் கட்டிவிட்டால் பின்னால் இருக்கிற மிளகாய், கத்தரி எல்லாம் நிழலில் நின்று நோஞ்சானாகப் போகும். தெற்கே குட்டைச் செடி, வடக்கே உயரக் கொடி. இதுதான் வரிசை.

ஒரு அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுங்கள். தாழ்ந்த களிமண் நிலமானால் குழிக்குப் பதிலாக மேடு கட்டுங்கள். வேரில் தண்ணீர் நின்றால் கொடி செத்துவிடும். விதையை இரவு ஊறவைத்து, குழிக்கு நாலு விதை போட்டு, முளைத்த பிறகு நல்லதாக இரண்டை விட்டு மற்றதைக் களையுங்கள். பையில் வளர்ப்பதானால் 40 லிட்டர் மண் பிடிக்கிற பைக்கு ஒரு கொடிதான். ஆசைப்பட்டு நாலு கொடி விட்டால் இலைதான் கிடைக்கும், காய் கிடைக்காது.

பாகல், புடலை, பீர்க்கன் மூன்றுக்கும் ஆடியும் தையும் ஏற்ற பட்டங்கள். பந்தல் அவரையை ஆடியில் விதைத்தால்தான் பனிக் காலத்தில் பூக்கும். தையில் போட்டுவிட்டுப் பூக்கவில்லை என்று விதையைத் திட்டக் கூடாது. கோவைக்காயை ஒருமுறை தண்டு நட்டால் பல வருஷம் காய்க்கும். புடலையில் கோ 2 ரகம் காய் குட்டை; உயரம் குறைந்த வேலிக்கு ஏற்றது. நீளப் புடலை போட்டால், பிஞ்சின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடும் பழைய வழக்கத்தை விடாதீர்கள். காய் சுருளாது.

கொடி வலை உச்சியைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளை வெடிக்கும். காய் அதில்தான் அதிகம். வேலியின் அடி நிழலில் புதினா, மஞ்சள், சேப்பங்கிழங்கு வைக்கலாம். அவை கொஞ்சம் நிழலைத் தாங்கும்.

கோணிப்பைக் கோபுரம்

கிபேராவில் செய்கிற முறை இது. 50 கிலோ அரிசிச் சாக்கை நாலு செங்கல் மேல் நிறுத்துங்கள். நடுவில் இரண்டு பக்கமும் திறந்த ஒரு டின்னை வைத்து, அதற்குள் சின்னக் கல்லைப் போடுங்கள். சுற்றி மண் கலவையைப் போடுங்கள். டின்னை மெதுவாக மேலே இழுத்து, மறுபடி கல், மறுபடி மண். இப்படி வாய்வரை போனால், நடுவிலே ஒரு கல் தூண் நிற்கும். தண்ணீரை அந்தக் கல்லின்மேல் ஊற்றினால் அடிவரை இறங்கும். கல் தூண் இல்லாவிட்டால் மேல்மண் சேறாகவும் அடிமண் தூளாகவும் கிடக்கும். கீழ்த் துளையில் இருக்கிற செடி வாடும்.

பக்கவாட்டில் ஒரு சாணுக்கு ஒரு துளையாக, மாற்றி மாற்றிக் கீறி நாற்றை நடுங்கள். வெயில் பக்கம் சிறுகீரை, பசலை. நிழல் பக்கம் புதினா. உச்சியில் ஒரு மிளகாய்ச் செடி. சாலை ஓரத்து வீடானால் கீரைக் கோபுரத்தை வீட்டுக்கு உள்பக்கமாக வையுங்கள்; பாகல் வேலி சாலைப் பக்கம் இருக்கட்டும். லாரிப் புழுதி இலையில்தான் அதிகம் தங்கும். கீரையை எப்போதும் மூன்று தண்ணீரில் அலசிச் சமையுங்கள். வெயிலில் பிளாஸ்டிக் சாக்கு ஒரு பட்டத்துக்கு மேல் தாங்காது; நாராகப் பிரியும் முன் மாற்றுங்கள்.

பூவும் பூச்சியும்

"கொடி நல்லா வருது, பூவும் நிறைய, ஆனா பிஞ்சு நிக்கலை" என்பது அடிக்கடி வருகிற புகார். முதலில் வருவது எல்லாம் ஆண் பூ, அது இயற்கை. பின்னால் வருகிற பெண் பூவின் அடியில் சின்னப் பிஞ்சு தெரியும். தேனீ வராத இடத்தில் நாமே தேனீ ஆக வேண்டும். ஆண் பூவைப் பறித்து, இதழை விலக்கி, பெண் பூவின் நடுவில் லேசாகத் தடவுங்கள். பாகல் பூ விடியற்காலை மலரும். பீர்க்கன், சுரை, புடலை பூக்கள் அந்தி சாய்ந்து மலரும். முதல் ஷிப்டுக்குப் போகிறவர் புறப்படுமுன் பாகலைத் தொட்டுவிட்டுப் போகலாம்; வேலை முடிந்து வந்தவர் விளக்கு வைக்கிற நேரத்தில் பீர்க்கனைப் பார்க்கலாம்.

பழ ஈ பெரிய எதிரி. பிஞ்சைத் துளைத்து முட்டை வைக்கும். காய் கோணி, மஞ்சளாகி, உள்ளே புழு நெளியும். அழுகி விழுந்த காயைத் தோட்டத்திலேயே விடாதீர்கள். தினம் பொறுக்கி ஆழக் குழியில் புதையுங்கள். க்யூலூர் கவர்ச்சிப் பொறி ஒன்றைக் கட்டுங்கள். வீட்டளவில் பிஞ்சுக்குக் காகித உறை போட்டாலே பாதிக் காய் தப்பும். இலை தின்னும் சிவப்பு வண்டை விடியலில் கையால் பிடிக்கலாம். அப்போது அது சோம்பலாக இருக்கும். அசுவினிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மில்லி வேப்ப எண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். சமையலறைக்கு மூன்றடி தள்ளி இருக்கிற தோட்டத்துக்கு வீரியமான மருந்து வேண்டாம்.

காற்றும் பாரமும்

நம்முடையது புயல் பாதை. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா வந்ததும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை பெய்து வெள்ளம் நின்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். கொடி மூடிய வலை கப்பல் பாய் மாதிரி. காற்றை அப்படியே வாங்கும். கழிக்கு இரண்டு பக்கமும் இழுகயிறு கட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் வலையை மேல் கம்பியிலிருந்து அவிழ்த்துத் தாழ்த்திவிடுங்கள். கொடி போனாலும் போகட்டும். கழி பிடுங்கிக்கொண்டு ஆள் மேலே விழக் கூடாது. வெள்ளத் தண்ணீர் தொட்ட கீரையைச் சாப்பிட வேண்டாம். அந்தத் தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

மாடியில் வைக்கிறவர்கள் பாரத்தைக் கணக்குப் பாருங்கள். 200 லிட்டர் கொள்ளளவுக்கு ஈரமண் போட்டால் 300 கிலோவுக்கு மேல் வரும். தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் ஓடுகிற வரிசையில் சின்னப் பைகளாக வையுங்கள். ஓட்டு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும் பாரம் ஏற்றவே கூடாது. அங்கே பை தரையில் இருக்கட்டும், கொடி மட்டும் கயிறு பிடித்து மேலே போகட்டும்.

பெருமக்களே, இதனால் லட்சக்கணக்கில் லாபம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு பாகல் குழியில் ஐந்தாறு கிலோ காய் எடுக்கலாம். நாலு குழி, ஒரு கோணிப்பை. ஒரு குடும்பத்துக்குப் பல வாரங்களுக்குக் காயும் கீரையும் ஆகும். விற்க வேண்டுமென்றால் பெரிய பந்தல் போட வேண்டும். அதற்குத் தோட்டக்கலைத் துறையில் என்ன மானியம் இருக்கிறது என்று உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நீல டிரம் அம்மாவின் வீட்டுக்குப் போன தையில் போயிருந்தேன். டிரம் இருந்த இடத்தில் மூன்று அரிசிச் சாக்கு நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஏதோ ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு விதை கேட்க வந்தார். அந்த அம்மா விதையை எடுப்பதற்கு முன்னால் டப்பாவைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல முன்னே இன்னா இருந்துச்சு?" என்று கேட்டார்.

நீங்களும் முதலில் அதைக் கேளுங்கள். பிறகு விதையை ஊன்றுங்கள்.